பல்கலைக்கழக மாணவர்களிடம் ஊர்ச்சனம் இலவசமாகக் கேள்வி கேட்க ஒரு இணையப் பக்கம் செய்வது எப்படி

கிளிநொச்சி மாவட்டத்தில் பரந்தன் சந்திக்குக் கிட்ட எட்டு வருசம் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்தேன். கொப்பி எடுத்து முடித்த பிறகும் பலர் போகமாட்டார்கள். "பிள்ளை, இந்தக் கடிதத்தில என்ன போட்டிருக்கெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லு" என்று நிற்பார்கள். காணிப் பெர்மிட், இறப்புப் பதிவு, நுண்கடன் தவணை, அஸ்வெசும என்ற அரச உதவிப்பணத்துக்கு மேன்முறையீடு. எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததை யாரிடம் கேட்பது? ஏ9 வீதியில் கொஞ்சத் தூரம் போனால் அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியலும் விவசாயமும் படிக்கிற பிள்ளைகள். வவுனியா வளாகமும் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்துவிட ஒரு இணையப் பக்கம் போட்டேன். நீங்களும் போடுவதென்றால், முதலில் நான் விட்ட பிழையைக் கேளுங்கள்.

என் முதல் படிவத்தில் பதினான்கு கேள்வி. பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராம சேவகர் பிரிவு, குடும்பத்தில் எத்தனை பேர்... இரண்டு கிழமையில் மூன்று பேர் நிரப்பினார்கள். அதில் இரண்டு பேர் என் சொந்தக்காரர். ஒரு அம்மா கடைக்கே வந்து, "இது எந்த நிறுவனம் பிள்ளை? கோழிக்குஞ்சு தரப்போறியளோ?" என்று கேட்டா. அப்போதுதான் உறைத்தது. 2009இல் போரில் இடம்பெயர்ந்து இருந்த மெனிக் பாம் முகாமில் தொடங்கி, எத்தனை பேருக்கு எத்தனை படிவம் நிரப்பிக் கொடுத்த சனம் இது! படிவத்தைக் கண்டால் ஒன்று, ஏதோ தரப்போகிறார்கள் என்று நினைப்பார்கள். இல்லாவிட்டால், விபரம் எடுத்து எங்கேயோ கொடுக்கப்போகிறார்கள் என்று பயப்படுவார்கள்.

இப்போது மூன்றே கேள்வி. என்ன பிரச்சினை? எந்த ஊர்ப் பக்கம்? எந்த நம்பருக்கு எத்தனை மணிக்கு எடுக்கலாம்? அடையாள அட்டை இலக்கம் கேட்கவே வேண்டாம். பெயரைக்கூட விரும்பினால் போடட்டும். "நாங்கள் நிறுவனம் இல்லை, காசும் பொருளும் தரமாட்டோம், காசு வாங்கவும் மாட்டோம்" என்று மேலேயே பெரிய எழுத்தில் போடுங்கள்.

தொழில்நுட்ப வேலை ஒரு பின்னேரத்தில் முடியும். படிவத்துக்குக் கூகுள் ஃபோர்ம், பதில்கள் தானாக விழ ஒரு கூகுள் ஷீட், பக்கத்தை இணையத்தில் வைக்கக் கிட்ஹப் பேஜஸ். மூன்றும் இலவசம். படம் ஒன்றும் வேண்டாம், சிக்னல் ஒரு கோட்டில் நிற்கிற இடத்திலும் திறக்கவேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதை அப்படியே ஒட்டாதீர்கள். மற்றவர் போனில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். அப்புறம் ஒரு வட்ஸ்அப் பொத்தான். அதன் இணைப்பில் நம்பரைப் போடும்போது முன்னால் இருக்கிற பூச்சியத்தை எடுத்துவிட்டு 94 சேர்க்கவேண்டும், கூட்டல் குறி கூடாது. பூச்சியத்தை எடுக்காமல் போட்டு, "ஒருத்தரும் எழுதுறாங்களில்லையே" என்று நான் ஒரு கிழமை காத்திருந்தேன். எழுத விருப்பமில்லாத பெரியாட்கள் குரல் பதிவு அனுப்புவார்கள், அதையும் கேள்வியாகவே எடுங்கள்.

ஷீட்டைப் பூட்டி வையுங்கள். இணைப்பு வைத்திருக்கிற எவரும் பார்க்கலாம் என்று நான் விட்டிருந்தேன், ஒரு தம்பி அதை வகுப்புக் குழுவில் போட்டுவிட்டான். ஒரு அக்காவின் கடன் விபரம் முப்பது பேர் கையில். அவவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது ஷீட் இரண்டு பேருக்குத்தான் திறக்கும். மாணவர்களுக்கு அவரவர் கேள்வி மட்டும் போகும், பதில் கொடுத்து ஒரு மாதத்தில் அழித்துவிடுவோம்.

கூடுதல் நேரம் எடுப்பது நடுவில் இருக்கிற வேலைதான். யாராவது ஒருவர் தினமும் எல்லாக் கேள்வியையும் வாசித்துப் பிரிக்கவேண்டும். எந்தக் கந்தோர், எந்தக் கடதாசி என்ற கேள்விகள் மாணவர்களுக்கு. நெல்லில் பூச்சி என்றால் விவசாயப் பிள்ளைகளுக்கு, இலை, தண்டுப் படத்தோடு. வழக்கு என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு வழிகாட்டுங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசம். மனம் உடைந்து எழுதுகிறவர்களை ஒரு மாணவன் தலையில் கட்டாதீர்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கத்தைக் கொடுங்கள். வீட்டில் அடி என்று எழுதும் பெண்களுக்கு 1938.

மாணவர்களுக்கு நான் சொல்வது: "உங்களுக்குக் கட்டாயம் கிடைக்கும்" என்ற வார்த்தை வாயில் வரக்கூடாது. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, கேட்டுச் சொல்கிறேன் என்று நாள் குறிக்கவேண்டும். பெர்மிட் விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் அலைந்த ஒரு ஐயாவுக்கு, ஒரு பிள்ளை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தா. கந்தோர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும் என்பதையே ஐயா அன்றைக்குத்தான் அறிந்தார். இப்படியான உதவிக்குப் பட்டம் தேவையில்லை.

அழைப்பு எல்லாம் ஒரு பொது சிம்மிலிருந்து போகட்டும். பெண் பிள்ளைகளின் சொந்த நம்பர் வெளியே போனால் இரவு பன்னிரண்டு மணிக்கும் போன் அடிக்கும்.

சோதனைக் காலம் வந்தால் மாணவர்கள் காணாமல் போவார்கள், அது அவர்களின் குற்றமில்லை. அந்த நாட்களில் "இந்த மாதம் பதில் வரப் பத்து நாள் ஆகும்" என்று பக்கத்தின் மேலே எழுதிவிடுங்கள். அதே வரியைக் கடைகளிலும் சனசமூக நிலையத்திலும் நாங்கள் ஒட்டிய அறிவித்தல் துண்டுகளில் பேனாவால் எழுதவேண்டும். எங்களுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் பார்த்தது அந்தத் துண்டைத்தான்.