முட்டிக்கு எஸ்.டபிள்யூ.டி வைக்கும்போது

மூட்டுத் தேய்மானத்தில் வரும் முட்டிவலிக்கு எஸ்.டபிள்யூ.டி (ஷார்ட்வேவ் டயதெர்மி, ரேடியோ அலையால் உடலுக்குள் ஆழமாகச் சூடேற்றும் பிசியோதெரபி சிகிச்சை) வைக்கச் சொன்னால், புதிதாக வந்த இன்டர்ன் பிள்ளைகள் நேராக மெஷினிடம்தான் போகிறார்கள். முதலில் நோயாளியிடம் போங்கள். "இம்பிளான்ட் இருக்கா?" என்றால் பலருக்குப் புரியாது, "ஆபரேஷன் பண்ணி கம்பி, பிளேட், ஸ்க்ரூ ஏதாவது வச்சிருக்காங்களா?" என்று கேளுங்கள். நான் படித்த காலத்தில் ஒரு அம்மா ஒன்றுமே இல்லை என்றார், புடவையைச் சற்று ஏற்றியதும் முட்டிக்கு மேலே நீளமாக ஒரு தழும்பு, உள்ளே பிளேட். அன்றிலிருந்து கண்ணால் பார்க்காமல் நான் பேடை (அலையை உடலுக்குள் செலுத்தும் மின்முனையை) கையில் எடுப்பதில்லை.

பேஸ்மேக்கர் வைத்தவரை அந்த அறைக்குள்ளேயே விடாதீர்கள். மூளையிலோ முதுகுத்தண்டிலோ நரம்பைத் தூண்டும் கருவி பொருத்தியவருக்கும் கூடவே கூடாது, அந்தக் கருவியை அணைத்து வைத்திருந்தாலும் ஆபத்துதான் என்று 2002-இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ எச்சரித்தது. கர்ப்பிணிகள், அந்த இடத்தில் புற்றுநோய், ரத்தக்கட்டு, ரத்தக்கசிவு உள்ளவர்களுக்கும் வேண்டாம்.

சர்க்கரை நோயாளி என்றால் இன்னும் கவனம். ஒரு டெஸ்ட் டியூபில் வெந்நீர், இன்னொன்றில் குளிர்ந்த நீர் எடுத்து, அவரைக் கண்ணை மூடச் சொல்லி, முட்டியைச் சுற்றி மாற்றி மாற்றித் தொட்டு எது சூடு என்று கேளுங்கள். ஒரே ஒரு இடத்தில் தப்பாகச் சொன்னாலும் சரி, அவருக்கு எஸ்.டபிள்யூ.டி கிடையாது. தோல் சொல்வதை நம்பித்தான் இந்தச் சிகிச்சையே நடக்கிறது.

அப்புறம் உலோகம். வாட்ச், கொலுசு, மெட்டி, புடவையில் குத்திய சேஃப்டி பின், இடுப்பில் வெள்ளி அரைஞாண், பாக்கெட்டில் சாவி, செல்போன் எல்லாம் வெளியே. உட்காருவது மர நாற்காலியாக இருக்கட்டும், இரும்புக் கட்டில் வேண்டாம்.

முட்டியை நன்றாகத் துடையுங்கள், வேர்வைத் துளி ஒன்று நின்றால்கூட அங்கே சூடு குவிந்து சுட்டுவிடும். மடித்த உலர்ந்த டர்க்கி டவலை வைத்து, உள்பக்கம் ஒரு பேட், வெளிப்பக்கம் ஒரு பேட். தோலுக்கும் பேடுக்கும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒரு ஓரம் அழுந்தினால் அந்த ஓரம்தான் வேகும். கேபிள்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது, நோயாளியின் மேலும் படக் கூடாது.

மெஷின் வேலை செய்வது 27.12 மெகாஹெர்ட்ஸில். பழைய மாடலில், பவரைக் குறைவாக வைத்து, டியூனிங் குமிழை (மெஷினை நோயாளியின் உடலோடு ஒத்திசைக்கும் குமிழை) மெல்லத் திருப்பி மீட்டர் முள் உச்சத்துக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். நோயாளி காலை நகர்த்தினால் டியூனிங் போய்விடும்.

எவ்வளவு வைப்பது? மீட்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இதமான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். "இன்னும் கொஞ்சம் சூடு வைங்கம்மா, அப்பதான் கேக்கும்" என்று பெரியவர்கள் கெஞ்சுவார்கள், இசைந்துவிடாதீர்கள். ஆழத்தில் ஏறும் சூட்டைத் தோல் முழுசாக உணர்வதில்லை, எரிச்சல் தெரிவதற்குள் உள்ளே கொழுப்புத் திசு வெந்திருக்கும். "சுட்டா உடனே சொல்லணும், பொறுத்துக்கக் கூடாது" என்று ஆரம்பிக்கும் முன்பே சொல்லுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேளுங்கள். நீங்கள் பேடிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, ஆனால் அவர் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நில்லுங்கள்.

இருபது நிமிடம் ஆனதும் பவரை ஜீரோவுக்குக் கொண்டுவந்து, அணைத்து, பிறகே பேடை எடுங்கள். டவலை விலக்கி இரண்டு பக்கமும் தோலைப் பாருங்கள். லேசான சிவப்பு பரவலாக இருந்தால் பரவாயில்லை, திட்டுத்திட்டாக இருந்தால் சீனியரைக் கூப்பிட்டுக் காட்டி, அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு, அடுத்த சிட்டிங்கை நிறுத்தி வையுங்கள்.