புது மொனிட்டருக்கு டிரைவர் தேடி அலைய வேண்டாம்

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் மொனிட்டர் வாங்கி வீட்டுக்கு வந்ததும் நிறையப் பேர் முதலில் செய்வது, மொடல் இலக்கத்தை அடித்து டிரைவர், அதாவது கருவியை இயக்க கொம்பியூட்டருக்கு உதவும் மென்பொருள், தேடுவதுதான். கொம்பியூட்டர் பத்து வருடப் பழசு என்றால் தேடலும் இன்னும் மும்முரம். தேவையே இல்லை. தன்னால் எந்த ரெசலூஷன் (படப் புள்ளிகளின் எண்ணிக்கை), எத்தனை ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு எத்தனை தடவை படம் புதுப்பிக்கப்படும்) காட்ட முடியும் என்ற விபரத்தை மொனிட்டரே தனக்குள் வைத்திருக்கிறது. கேபிளைச் செருகியதும் கொம்பியூட்டர் அதை வாசித்துக்கொள்ளும். விண்டோஸில் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மனேஜரில் 'ஜெனரிக் பிஎன்பி மொனிட்டர்' என்று கிடந்தால் அது பிழை இல்லை, விட்டுவிடுங்கள். கம்பனி தருகிற மொனிட்டர் டிரைவரில் பெரும்பாலும் இருப்பது மொனிட்டரின் பெயரும் ஒரு கலர் புரொஃபைலும்தான்.

பார்க்க வேண்டியது கிராஃபிக்ஸ் டிரைவரை, அதாவது கொம்பியூட்டருக்குள் படத்தை உருவாக்கும் பகுதிக்கான டிரைவரை. அதே டிவைஸ் மனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர் என்ற இடத்தில் 'மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் சரியாக ஏறவில்லை என்று அர்த்தம். எழுத்தெல்லாம் இழுபட்டு மங்கலாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கிய காரணம், ஆனால் திட்டு விழுவதென்னவோ மொனிட்டருக்கு. இன்டெல், ஏஎம்டி, என்விடியா, இல்லையென்றால் கொம்பியூட்டர் கம்பனியின் சொந்தத் தளம், இவற்றில் ஒன்றிலிருந்து இறக்குங்கள். எல்லா டிரைவரையும் தானே தேடிப் போடுகிறேன் என்று வருகிற இலவச மென்பொருள்களின் பக்கமே போகாதீர்கள்.

அடுத்தது கன்வேர்ட்டர். பழைய மெஷினில் விஜிஏ என்ற பழைய வகைப் பட போர்ட் மட்டும், புது மொனிட்டரில் எச்டிஎம்ஐ என்ற புதிய வகை மட்டும் என்றால் புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கிற ஏதோ ஒன்றை வாங்கி வந்து, படம் வரவில்லையே என்று மறுபடியும் டிரைவரில் போய் நிற்பார்கள். இந்தக் கன்வேர்ட்டர்கள் ஒருவழிப் பாதை. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றுவது உங்களுக்கு உதவாது, விஜிஏயிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவதைக் கேட்டு வாங்க வேண்டும், அதில் பெரும்பாலும் கரண்டுக்காக யூஎஸ்பி வயர் ஒன்றும் தொங்கும். மெஷினின் பின்பக்கம் டிவிஐ என்ற இன்னொரு வகை போர்ட் இருந்தால் அதிர்ஷ்டம்தான், சாதாரண டிவிஐ–எச்டிஎம்ஐ கேபிளே போதும்.

4கே என்ற மிகக் கூடிய ரெசலூஷன் மொனிட்டர் வாங்குகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். எச்டிஎம்ஐ 1.4 உள்ள மெஷினில் 4கே படம் 30 ஹேர்ட்ஸில்தான் வரும், மவுஸ் அம்புக்குறி விட்டுவிட்டு நகர்வது கண்ணுக்கே தெரியும். அதற்கும் முந்தியது என்றால் 4கே வரவே வராது. எந்த டிரைவர் போட்டாலும் போர்ட்டின் திறன் அதிகரிக்காது. அப்புறம், தனி கிராஃபிக்ஸ் கார்ட் போட்டிருந்தால் கேபிளை அந்தக் கார்டில் செருகுங்கள், மேலே மதர்போர்டில் உள்ள ஓட்டையில் அல்ல. சிரிக்காதீர்கள், இது அடிக்கடி நடக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. யூஎஸ்பி வழியாகப் படம் அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள யூஎஸ்பி டொக் (பல போர்ட்கள் உள்ள இணைப்புப் பெட்டி) அல்லது யூஎஸ்பி அடாப்டர் வழியாக மொனிட்டரை இணைக்கிறீர்கள் என்றால் அதற்கு டிரைவர் போடத்தான் வேண்டும்.