காது கேளாத பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால்

காரைக்குடியைச் சுற்றியுள்ள பள்ளிகளுக்குப் போய் வரும் சிறப்பாசிரியர் நான். எந்தப் பள்ளிக்குப் போனாலும் வகுப்பாசிரியர்கள் முதலில் கேட்பது, "டீச்சர், இந்தப் பிள்ளைகிட்ட எப்படிப் பேசுறது?" என்பதுதான். பேச வாய் திறக்கும் முன், பிள்ளை உங்களைப் பார்க்கிறதா என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான்.

மற்ற பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே உங்கள் பேச்சையும் கேட்டுவிடுவார்கள். இந்தப் பிள்ளைக்குப் படிப்பதும் கண், கேட்பதும் கண். அதனால் எழுதும்போது பேச வேண்டாம். எழுதி முடித்துத் திரும்புங்கள், அது படிக்கும்வரை சும்மா நில்லுங்கள், பார்வை உங்கள் முகத்துக்கு வந்தபின் விளக்குங்கள். "புத்தகத்துல படத்தைப் பாருங்க" என்று சொன்ன கையோடு விளக்கத் தொடங்கினால், பிள்ளை படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். விளக்கம் போய்ச் சேராது.

எங்கள் பக்கம் நடுவில் முற்றம் வைத்த பழைய வளவு வீடுகளில் டியூஷன் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முற்றத்து வெளிச்சம் உங்கள் முதுகில் விழுந்தால் முகம் இருட்டாகத் தெரியும். உதட்டைப் படிக்க முடியாது. வெளிச்சம் முகத்தில் விழும்படி நில்லுங்கள். ஆத்தங்குடிக் கல் தரை, வழுவழுப்பான சுவர், உயர்ந்த கூரை எல்லாம் பார்க்க அழகு, ஆனால் சத்தம் எதிரொலிக்கும். காது மெஷின் அந்த எதிரொலியையும் சேர்த்துத்தான் பெருக்கும். ஜமுக்காளம் விரித்தாலே வித்தியாசம் தெரியும். பிள்ளையை உங்கள் அருகில், ஓர் எட்டு வைக்கும் தூரத்தில் உட்கார வையுங்கள்.

உதடு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. படம், மடம் இரண்டும் உதட்டில் ஒன்றுதான். பணம், மணமும் அப்படியே. 'க' தொண்டைப் பக்கம் பிறப்பதால் கண்ணுக்கே தெரியாது. பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் அதே சொல்லைக் கத்திச் சொல்லாதீர்கள். கத்தினால் வாயின் வடிவமே மாறிவிடும். வாக்கியத்தை மாற்றுங்கள். 'மடம்' புரியாவிட்டால் 'கோவிலூர் மடம்' என்று எழுதி, ஒரு படத்தையும் காட்டுங்கள்.

மெஷின் போட்ட பிள்ளையைக் காலையில் ஒரு நிமிடம் சோதியுங்கள். பின்னால் நின்று ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்று இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்; கேட்டதும் பிள்ளை கை தூக்கட்டும். வழக்கமாகக் கேட்கும் ஒலி ஒருநாள் கேட்கவில்லை என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். மெஷின் ஓயாமல் விசில் அடித்தால், காது வளர்ந்து, காதுக்குள் பொருந்தும் மோல்டு தளர்ந்திருக்கலாம். வீட்டில் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

சைகை கற்றுக்கொடுத்தால் பேச்சு வராது என்று இன்னும் பலர் பயப்படுகிறார்கள். சைகை பேச்சைத் தடுக்காது. எந்த மொழியும் முழுதாகக் கிடைக்காமல் சின்ன வயது கழிந்துபோவதுதான் பிள்ளைக்குப் பெரிய இழப்பு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. வீட்டில் அப்பத்தாவிடம் கேளுங்கள்: சாப்பிடக் கூப்பிட என்ன சைகை, அம்மாவுக்கு என்ன சைகை? அதை ஒரு நோட்டில் குறித்து அங்கிருந்து தொடங்கி, இந்தியச் சைகை மொழிக்குக் கொண்டுபோங்கள். டெல்லியில் உள்ள இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021இல் 10,000 சொற்கள் கொண்ட காணொளி அகராதியை வெளியிட்டிருக்கிறது. நாளை நடத்தப் போகும் பாடத்தின் புதுச் சொற்களை இன்றே அதில் தேடிக் காட்டிவிடுங்கள். வகுப்பு முழுக்க அந்தச் சைகைகளைப் பழகட்டும், பிள்ளைகள் ரொம்ப வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள். பதில் சொல்பவர் முதலில் கை தூக்க வேண்டும் என்று ஒரு பழக்கம் வையுங்கள். யாரைப் பார்ப்பது என்று இந்தப் பிள்ளைக்கு அப்போதுதான் தெரியும்.

அப்புறம், "புரிஞ்சுச்சா?" என்று கேட்காதீர்கள். எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். "இப்ப என்ன செய்யப் போற, காட்டு" என்று கேளுங்கள்.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு: பொதுத்தேர்வில் இவர்களுக்குக் கூடுதல் நேரமும் மொழிப்பாட விலக்கும் உண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறதா என்று ஜூன் மாதமே பார்த்து, தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பித்துவிடுங்கள்.