பெயர் தெரியாத பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர்: எதுவென்று கண்டுபிடிப்பது எப்படி?

பெயர்த்தகடு போய், மூடியும் இல்லாமல் ஒரு வால்வு (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபையர் கைக்கு வந்தால், பிளக்கைச் சொருகிப் பார்க்கத்தான் முதலில் கை போகும். தயவுசெய்து சொருகாதீர்கள். பல ஆண்டுகள் சும்மா கிடந்த எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால், மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். சுவர் மின்சாரம் (மெயின்ஸ்) கொடுக்காமலே அடையாளம் காண முடியும். 1950-களின் பிரிட்டிஷ் ஹை-ஃபை ஆம்ப்ளிஃபையர்களை மனதில் வைத்து வழி சொல்கிறோம். மற்ற நாட்டுப் பெட்டிகளுக்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

வேண்டியவை: மல்டிமீட்டர், டார்ச், பூதக்கண்ணாடி, மெல்லிய பிரஷ், 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர், 6 வோல்ட் ஏசி தரும் சிறு டிரான்ஸ்ஃபார்மர், நோட்டுப் புத்தகம்.

படி 1: மின்னேற்றத்தை இறக்குங்கள்

மெயின்ஸ் கம்பி சுவரில் இல்லை என்று கண்ணால் உறுதிசெய்துகொண்டு அடித்தகட்டைக் கழற்றுங்கள். சமீபத்தில் யாராவது ஓட்டிப் பார்த்திருந்தால் கண்டென்சரில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கலாம். ரெசிஸ்டரின் ஒரு முனையைச் சேசிஸில் (உலோக உடலில்) கிளிப் போட்டு, மறுமுனையைக் காப்பிட்ட பிடியால் பிடித்து, ஒவ்வொரு கண்டென்சரின் பாசிட்டிவிலும் பத்து விநாடி வையுங்கள். மீட்டரில் அளந்து பார்த்த பிறகே விரலை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம்; கண்டென்சரும் கெடும், பொறி கண்ணிலும் தெறிக்கும்.

படி 2: இரும்பை எண்ணுங்கள்

வால்வை மாற்றியிருக்கலாம், நாப்பை மாற்றியிருக்கலாம். டிரான்ஸ்ஃபார்மரை மாற்றியவர்கள் குறைவு. அதனால் முதல் சாட்சி இரும்புதான். மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரே இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். யுசிஎல்82, யுஒய்85 போல "யு" வரிசை வால்வுகளின் ஹீட்டர்கள் (வால்வைச் சூடாக்கும் இழைகள்) தொடராக நேரே மெயின்ஸில் ஓடும். சேசிஸிலேயே கரண்ட் இருக்கக்கூடும். அது அனுபவசாலியின் மேசைக்குப் போகவேண்டியது.

பெரியது மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர். இரண்டே கம்பிகள் வந்தால் அது சோக், மின்சாரத்தைச் சீராக்கும் சுருள். புதியவர்கள் இதைத்தான் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் என்று எண்ணி ஏமாறுவார்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் (வால்வுப் பக்கச் சுருளில்) இரண்டு கம்பி என்றால் ஒற்றை வால்வு. மூன்று என்றால் புஷ்-புல், அதாவது இரண்டு வால்வு மாறி மாறி ஓட்டுவது. ஐந்து கம்பி வந்து, அதில் இரண்டு அவுட்புட் வால்வுகளின் ஸ்க்ரீன் கிரிட் என்ற உள்வலை முனைக்குப் போனால் அது அல்ட்ரா-லீனியர். ஹாஃப்லர், கெரோஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர்கள் இருவரும் 1951-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகே அந்த முறை பரவியது. பார்ட்ரிட்ஜ், பார்மெகோ என்ற பெயர்கள் இரும்பில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அவை டிரான்ஸ்ஃபார்மர் செய்தவர்களின் பெயர்கள், ஆம்ப்ளிஃபையர் செய்தவர்களுடையவை அல்ல.

படி 3: வால்வைத் துடைக்காமல் படியுங்கள்

கண்ணாடி மேலுள்ள எழுத்து விரல் பட்டாலே அழியும். மங்கியிருந்தால் வாயால் ஆவி ஊதி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள், எழுத்து மேலெழும். ஐரோப்பியப் பெயரில் முதல் எழுத்து ஹீட்டரைச் சொல்லும்: "இ" 6.3 வோல்ட், "ஜி" 5 வோல்ட். அடுத்து வரும் "சிசி" இரட்டை டிரையோடு (மூன்று மின்முனை வால்வு), "எஃப்" சிறு சிக்னல் பென்டோடு (ஐந்து மின்முனை வால்வு), "எல்" அவுட்புட், "இசட்" முழு அலை ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்குவது). அமெரிக்கப் பெயர் வேறாக இருந்தாலும் வால்வு ஒன்றாகவே இருக்கும்: 12ஏஎக்ஸ்7 தான் இசிசி83, 6பிக்யூ5 தான் இஎல்84, 5ஏஆர்4 தான் ஜிஇசட்34.

முல்லார்ட் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் வால்வின் அடியில் "பி4இ2" போன்ற சிறு குறியீடு இருந்தால், பி பிளாக்பர்ன் தொழிற்சாலை, 4 ஆண்டின் கடைசி இலக்கம், இ ஐந்தாம் மாதம், 2 இரண்டாம் வாரம். பத்தாண்டு எதுவென்று அது சொல்லாது. வால்வின் தேதியை வைத்து ஆம்ப்ளிஃபையரின் வயதைச் சொல்லவும் முடியாது. லண்டனில் செய்த பெட்டியில் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸின் வால்வு இருந்தால், நம் ஊரில் யாரோ மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவே.

படி 4: வால்வு இல்லையா? சாக்கெட் பேசும்

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். அடியிலிருந்து பார்க்கும்போது, சாவிப் பள்ளத்திலிருந்து அல்லது பின்களுக்கு இடையிலுள்ள பெரிய இடைவெளியிலிருந்து கடிகாரச் சுற்றில் எண்ண வேண்டும். மேலிருந்து எண்ணினால் எல்லாம் தலைகீழாகும். தவறுகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

ஒன்பது பின் சாக்கெட்டில் 4, 5 இரண்டும் இணைந்து, ஹீட்டரின் மறுகம்பி 9-க்குப் போனால் அது இசிசி81, 82, 83-இல் ஒன்று. 4-க்கும் 5-க்கும் தனித்தனி ஹீட்டர் கம்பி வந்து, 7 அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போனால் பெரும்பாலும் இஎல்84. எட்டு பின் ஆக்டல் சாக்கெட்டில் 2, 7 ஹீட்டர், 3 அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு என்றால் அவுட்புட் வால்வு. அதிலேயே 1-உம் 8-உம் இணைந்திருந்தால் இஎல்34-க்காகச் செய்தது; இணையாவிட்டால் கேடி66, 6எல்6, 6வி6 குடும்பமாக இருக்கலாம். 2, 8 ஹீட்டர், 4, 6 மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து என்றால் ரெக்டிஃபையர்.

படி 5: அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை அளங்கள்

அவுட்புட் வால்வுகளைக் கழற்றிவிட்டு, இரு ஆனோடு பின்களுக்கிடையே (டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும் அந்த 7 அல்லது 3) 6 வோல்ட் ஏசி கொடுங்கள். ஸ்பீக்கர் முனையில் 0.26 வோல்ட் வந்தால் விகிதம் சுமார் 23. அதன் வர்க்கத்தை ஸ்பீக்கர் ஓமால் பெருக்குங்கள்: 15 ஓம் முனையென்றால் ஏறக்குறைய 8,000 ஓம். இது இஎல்84 ஜோடிக்குப் பொருந்தும் கணக்கு. 6 வோல்ட்டைத் தவறியும் ஸ்பீக்கர் பக்கம் கொடுக்காதீர்கள். மறுபக்கம் நூறு வோல்ட்டுக்கு மேல் எழும். ஸ்பீக்கர் முனையிலேயே "100 வோல்ட் லைன்" என்று எழுதியிருந்தால் அது ஒலிபெருக்கி வேலைக்கான பெட்டி. ஹை-ஃபை பட்டியலில் தேட வேண்டாம்.

படி 6: பெயரைத் தேடுங்கள்

இப்போது கையில் ஒரு வரி இருக்கும். இரண்டு இஎஃப்86, இரண்டு கேடி66, ஒரு ஜிஇசட்32, அவுட்புட் வால்வுகளின் கேதோடும் (எலக்ட்ரானை உமிழும் முனை) டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகிறதா? 1953-இல் வந்த குவாட் 2. நான்கு இஎல்84, மூன்று இசிசி83, ஒரு ஜிஇசட்34, ஒரே சேசிஸில் இரண்டு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரா? லீக் ஸ்டீரியோ 20 என்று முதலில் சந்தேகியுங்கள். இஎஃப்86, இசிசி83, இரண்டு இஎல்84, ஒரு ரெக்டிஃபையர் என்றால் முல்லார்டின் 5-10 சர்க்யூட்: ஐந்து வால்வு, பத்து வாட்.

எண்ணிக்கை பொருந்தியதும் முடிவு கட்டிவிடாதீர்கள். உள்ளீட்டிலிருந்து ஸ்பீக்கர் வரை சர்க்யூட்டை வரைந்து, அச்சான வரைபடத்தோடு ஒவ்வொரு ரெசிஸ்டராக ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று மதிப்புகள் வேறுபட்டால் ரிப்பேர். அமைப்பே வேறென்றால் வேறு மாடல்.

சேசிஸ் ஓட்டைகள் கையால் அறுத்தவை போல இருந்து, எங்கும் முத்திரை இல்லையென்றால், அதற்குக் கம்பெனிப் பெயரே கிடையாது என்பதுதான் பதிலாக இருக்கலாம். 1947-இல் வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் வில்லியம்சன் என்ற பொறியாளர் தந்த கேடி66 சர்க்யூட்டையும், பின்னர் முல்லார்டின் 5-10-ஐயும் வீட்டிலேயே கட்டியவர்கள் ஏராளம். அப்போது "வீட்டில் கட்டிய 5-10, பார்ட்ரிட்ஜ் டிரான்ஸ்ஃபார்மர்" என்று சீட்டில் எழுதிச் சேசிஸில் கட்டுங்கள்; ரிப்பேருக்கு எடுப்பவருக்கு வேண்டியது அந்த வரிதான்.