பல் இடுக்கில் தொடங்கும் சொத்தையை, ஓட்டை விழும் முன்பே மூடுவது எப்படி?

காரைக்குடியில் பல் மருத்துவம் பார்க்கிறேன். பல் இடுக்குச் சொத்தையோடு என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு சமயங்களில்தான் வருகிறார்கள். கறித்துணுக்கு தினமும் ஒரே இடத்தில் மாட்ட ஆரம்பித்த பிறகு வருவார்கள். இல்லையென்றால் ராத்திரி வலி தூங்கவிடாத பிறகு வருவார்கள். இரண்டுமே தாமதம். அதற்கு முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது. அப்போது வலி இருக்காது, கண்ணாடியில் பார்த்தாலும் எதுவும் தெரியாது. அந்தக் கட்டத்தில் பல்லைக் குடையாமல், ரெசின் (ஒளி பட்டால் இறுகும் பிளாஸ்டிக் போன்ற திரவம்) கொண்டு சொத்தையை அங்கேயே நிறுத்திவிடலாம். அதை எப்படிச் செய்துகொள்வது, மருத்துவரிடம் எதையெல்லாம் கேட்பது என்று சொல்கிறேன்.

முதலில் உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள். இரண்டு கடைவாய்ப்பற்கள் உரசிக்கொண்டு நிற்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஈறை ஒட்டி, பிரஷ் போகவே போகாது. அங்கே தங்கும் கிருமிகள் நாம் தின்னும் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் வெளி அடுக்கான எனாமலின் உள்ளிருக்கும் சுண்ணச்சத்தைக் கரைக்கிறது. ஆனால் மேற்பரப்பு மட்டும் கொஞ்ச காலம் முழுதாக நிற்கிறது. நம் ஊர்ப் பழைய வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர் வெளியே வழவழவென்று இருக்க, ஈரம் ஏறி உள்ளே காரை உதிர்ந்து கிடக்குமே, அந்த மாதிரி. மேல்பூச்சு உடைந்து பள்ளம் விழுந்துவிட்டால் பல்லைக் குடைந்து அடைப்பதைத் தவிர வழியில்லை. உடையாத வரைக்கும் வழி இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க 'பைட்விங்' எக்ஸ்ரே வேண்டும். சின்னத் தகடு ஒன்றை வாய்க்குள் வைத்து, அதன் சிறகைக் கடித்துக்கொள்ளச் சொல்லி எடுப்பது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒரே படத்தில் விழும், இடுக்குகள் தெளிவாகத் தெரியும். முகத்தைச் சுற்றி எடுக்கும் பெரிய ஓபிஜி படத்தில் இந்த ஆரம்பச் சொத்தை பெரும்பாலும் சிக்காது. ஆகவே "இடுக்கைப் பார்க்க பைட்விங் எடுக்கிறீர்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கதிர்வீச்சு மிகக் குறைவுதான். கர்ப்பமாக இருந்தால் மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

படத்தில் எனாமலுக்குள் கறுப்பாக ஒரு சிறு முக்கோணம் தெரியும். அது எவ்வளவு ஆழம் என்று காட்டச் சொல்லுங்கள். எனாமலின் வெளிப்பாதியில் நின்றால் நான் உடனே கைவைப்பதில்லை. ஃப்ளூரைடு வார்னிஷ் பூசி, தினமும் ஃப்ளாஸ் (இடுக்கில் நூல் விட்டுத் துடைப்பது) செய்யச் சொல்லி, ஒரு வருடம் கழித்து மறுபடி படம் எடுத்துப் பார்ப்பேன். எனாமலின் உட்பாதிக்கு வந்துவிட்டாலோ, அதைத் தாண்டி அடுத்த அடுக்கான டென்டினின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் நுழைந்திருந்தாலோ, போன படத்தைவிடப் பெரிதாகியிருந்தாலோ ரெசின் சிகிச்சைக்குச் சரியான நேரம் அதுதான். அதற்கும் ஆழமாகப் போயிருந்தால் ஃபில்லிங்தான் செய்ய வேண்டும்.

ஆழம் தெரிந்தால் மட்டும் போதாது, மேற்பரப்பு உடைந்திருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். எக்ஸ்ரே அதைச் சொல்லாது. கூரான கம்பியால் குத்திப் பார்ப்பதும் கூடாது. நிற்கிற பூச்சை நாமே உடைத்துவிடுவோம். சந்தேகம் இருந்தால் பல்லுக்குக் கம்பி கட்டுபவர்கள் பயன்படுத்தும் சின்ன ரப்பர் வளையம் ஒன்றை இடுக்கில் செருகிவிடுவேன். வியாழக்கிழமை போட்டால் சனிக்கிழமைக்குள் பற்கள் மயிரிழை விலகிவிடும். இடையில் ஏதோ மாட்டியிருப்பது போல ஓர் இறுக்கம் இருக்கும், கடித்தால் கொஞ்சம் வலிக்கும்; பரீட்சை வாரத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பள்ளத்தூரிலிருந்து ஒரு பையனை அவன் ஆயா (பாட்டி) அழைத்து வந்திருந்தார்கள். "வலியே இல்லாத பல்லுக்கு எதுக்கு டாக்டரம்மா வைத்தியம்? வலிச்சாப் பாத்துக்கலாம்ல." வளையத்தை எடுத்து, காற்றடித்து உலர்த்தி, வாய்க்கண்ணாடியில் அந்த இடத்தை ஆயாவுக்கே காட்டினேன். பக்கத்தில் எல்லாம் பல் பளபளவென்று மின்ன, ஈறுக்குச் சற்று மேலே மட்டும் சுண்ணாம்பு வெள்ளையாக மங்கி ஒரு திட்டு. பள்ளம் இல்லை. "வலிச்சா அப்புறம் வேர் சிகிச்சைதான் ஆயா, இப்பன்னா ஊசிகூட வேண்டாம்" என்றேன். அன்றைக்கே செய்துவிட்டோம்.

செய்யும் முறை இரண்டு வகை. ஒன்று, மேலே மூடுவது. வளையம் போட்டு விலக்கிய பல்லின் பக்கவாட்டில் பாஸ்பாரிக் அமிலம் தடவிக் கழுவி, மெல்லிய ரெசின் பூசி நீல ஒளியில் இறுக வைப்பது. கடைவாய்ப்பல்லின் மேல் குழிகளுக்குப் போடும் சீலன்ட்டும் இதே தத்துவம்தான். இன்னொன்று ரெசினை உள்ளே ஊற விடுவது. ஜெர்மனியில் பெர்லின், கீல் நகர ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய முறை. 'ஐகான்' என்ற பெயரில் 2009-இல் சந்தைக்கு வந்தது. இடுக்குச் சொத்தைக்கு நான் அதிகம் செய்வது இரண்டாவதைத்தான், அதனால் அதையே விளக்குகிறேன்.

பல்லைச் சுத்தம் செய்ததும் ரப்பர் ஷீட் ஒன்றை மாட்டி, அந்தப் பற்கள் மட்டும் வெளியே தெரியும்படி விரிப்போம். எச்சில் ஒரு துளி பட்டாலும் ரெசின் பிடிக்காது. அமிலம் ஈறில் படவும் கூடாது. ரப்பர் ஷீட் இல்லாமல் பஞ்சு வைத்தே செய்கிறேன் என்று யாராவது சொன்னால் வேறு இடம் பாருங்கள். அப்புறம் இடுக்கில் ஒரு பிளாஸ்டிக் ஆப்பு போகும். மொத்த சிகிச்சையிலும் சிரமமான நேரம் அதுதான். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: வலிக்காது, அழுத்தும், தாங்க முடியாவிட்டால் கையைத் தூக்கு.

ஆப்பு விலக்கிய இடைவெளியில் மெல்லிய இரட்டைத் தாள் ஒன்று நுழையும். ஒரு பக்கம் மட்டும் நுண்துளைகள் இருக்கும், ஆகவே மருந்து சொத்தைப் பல்லில் மட்டுமே கசியும், பக்கத்துப் பல் தப்பும். முதலில் 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமில ஜெல், இரண்டு நிமிடம். அந்தக் கெட்டியான மேல்பரப்பைத் திறக்க பாஸ்பாரிக் அமிலம் போதாது என்பதால்தான் இது. அரை நிமிடம் தண்ணீரில் கழுவி, காற்றடித்து, எத்தனால் விட்டு அரை நிமிடம் நிறுத்தி, மறுபடி காற்று. உள்ளே ஈரம் துளியும் தங்கக் கூடாது. பிறகு தண்ணீர் போல ஓடும் ரெசினை விட்டு மூன்று நிமிடம் காத்திருப்போம். பஞ்சு போலாகிவிட்ட எனாமல் அதைத் தானாக உறிஞ்சிக்கொள்ளும். மிச்சத்தை ஃப்ளாஸால் துடைத்து 40 விநாடி ஒளி. இரண்டாம் முறையும் ரெசின், இந்தத் தடவை ஒரு நிமிடம், மறுபடி 40 விநாடி ஒளி. ஓர் இடுக்குக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு வாருங்கள். ரெசின் அலர்ஜி இருப்பவர்கள், செயற்கை நகம் ஒட்டிக் கை அரித்திருந்தால்கூட, முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இது நிற்குமா என்று கேட்பார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட திறனாய்வு, இடுக்குச் சொத்தையை இப்படி மூடுவதோ ரெசின் ஊற விடுவதோ, வெறும் ஃப்ளாஸ், ஃப்ளூரைடு மட்டும் செய்வதைவிடச் சொத்தை வளர்வதை நன்றாகத் தடுக்கிறது என்று சொன்னது. எந்த முறை சிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல அப்போது சான்று போதவில்லை. ஆகவே உங்கள் மருத்துவர் மேலே மூடும் முறையைச் சொன்னாலும் மறுக்க வேண்டியதில்லை. செலவை மட்டும் இடுக்குக் கணக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பல்லுக்கு இரண்டு பக்கமும் இடுக்கு உண்டு.

பால் பல்தானே, விழத்தானே போகிறது என்று விடாதீர்கள். ஆறு வயதில் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல் கடைசிப் பால் பல்லின் முதுகை ஒட்டித்தான் வந்து நிற்கிறது. அந்தப் பால் பல்லில் சொத்தை இருந்தால் புதுப் பல்லின் முகத்திலும் தொடங்கிவிடலாம்.

ரெசின் வைத்த இடுக்குக்கும் தினமும் ஃப்ளாஸ் உண்டு. முழங்கை நீளத்துக்கு நூலை எடுத்து இரண்டு நடுவிரல்களிலும் சுற்றி, அறுப்பது போல மெல்ல இறக்கி, ஒவ்வொரு பல்லையும் அணைத்தபடி மேலும் கீழும் தேய்க்க வேண்டும். ஊக்கு, சட்டைப் பின் எதையும் இடுக்கில் விடாதீர்கள், ஈறு கிழிந்துபோகும். பற்பசையில் ஃப்ளூரைடு 1000 பிபிஎம்முக்குக் குறையாமல் இருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள். தேய்த்த பிறகு துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம். பலகாரத்தைப் பற்றி: விசேஷம் முடிந்து வீட்டில் டின் டின்னாக அதிரசமும் மனகோலமும் இருக்கும்போது, போகும்போதும் வரும்போதும் ஒன்று எடுத்து வாயில் போடுவதுதான் கெடுதல். சாப்பாட்டோடு சேர்த்து நாலு தின்றாலும் அவ்வளவு பாதகமில்லை.

கடைசியாக ஒன்று, இதை மறந்தால் செய்ததெல்லாம் வீண். இந்த ரெசின் எக்ஸ்ரேயில் தெரியாது. சொத்தை நின்ற பிறகும் அந்தக் கறுப்பு அப்படியேதான் இருக்கும். பெரிதாகாமல் இருந்தால் வெற்றி. இங்கே பார்த்துக்கொண்ட பிள்ளை படிப்புக்குச் சென்னைக்கோ, வேலைக்குச் சிங்கப்பூருக்கோ போய், அங்கே ஒரு மருத்துவர் புதிதாகப் படம் எடுத்தால் சொத்தை என்று எண்ணி நல்ல பல்லைக் குடைந்துவிடலாம். அதனால் சிகிச்சைக்கு முன் எடுத்த படத்தையும் மருத்துவர் கையெழுத்திட்ட சீட்டையும் போனில் சேமித்து வையுங்கள். சீட்டில் இவ்வளவு இருந்தால் போதும்: எந்தப் பல், எந்தப் பக்கம், எந்தத் தேதி, ரெசின் ஊட்டப்பட்டது, எக்ஸ்ரேயில் கறுப்பாகவே தெரியும், அடுத்த பைட்விங் ஒரு வருடம் கழித்து இதே கோணத்தில்.