சிப்பிக்கும் நண்டுக்கும் முஸ்கதே: பார்த்து வாங்குவது எப்படி, ஊற்றுவது எப்படி

பிரான்ஸின் நாந்த் நகரில் கடலுணவுக் கடை ஒன்றில் பரிமாறும் வேலை எனக்கு. ஒயின் பட்டியலைக் கையில் வாங்கியதும் பலர் கேட்பது ஷாப்ளி என்ற வெள்ளை ஒயின். நல்ல ஒயின்தான். ஆனால் சமைக்காத சிப்பி, அவித்த நண்டு, லங்குஸ்தீன் என்ற சிறு கடல் இறால் என்று மசாலா எதுவும் படாமல் மேசைக்கு வருகிறவற்றுக்கு நான் முதலில் எடுத்துக் காட்டுவது முஸ்கதே என்ற இந்தப் பக்கத்து வெள்ளை ஒயின் பாட்டிலைத்தான். ஷாப்ளியைவிட விலை நன்றாகவே குறைவு, கடலின் உப்போடு மோதாது. இந்த ஊரில் சிப்பிக்கு இதைத்தான் குடிக்கிறார்கள்.

லுவார் ஆறு அட்லாண்டிக்கில் கலப்பதற்குக் கொஞ்சம் முன்னால், நாந்த்துக்குத் தென்கிழக்கே, சேவ்ர், மேன் என்ற இரண்டு சிற்றாறுகளைச் சுற்றித் தோட்டங்கள் இருக்கின்றன. திராட்சை மெலோன் த பூர்கோஞ், பூர்கோஞ் (பர்கண்டி) பகுதியிலிருந்து வந்தது. 1709-ல் வந்த கொடுங்குளிரில் இங்கிருந்த கொடிகள் பட்டுப்போக, குளிர் தாங்கும் என்று இதைப் பரவலாக நட்டார்கள். பெரிய வாசனை கிடையாது. எலுமிச்சை, பச்சை ஆப்பிள், முடிவில் லேசான உப்புக்கரிப்பு, அவ்வளவுதான். சிப்பியை அமுக்காமல் கூடவே வர அது போதும்.

இந்த ஒயினை ‘மினரல்’ என்பார்கள். கொடியின் வேர் பாறையை உறிஞ்சி அந்தச் சுவையைப் பாட்டிலுக்குள் கொண்டுவந்துவிடுகிறது என்று நினைக்க வேண்டாம். மண்ணிலிருந்து வரும் தாதுக்கள் நாக்குக்குத் தெரிகிற அளவில் ஒயினில் இல்லை. பழவாசனை அடங்கி, புளிப்பு கூர்மையாக நின்று, இனிப்பு துளியும் இல்லாதபோது வாய் அதைக் கல், உப்பு, சுண்ணாம்பு என்று உணர்கிறது. உங்களுக்கு வேண்டியது அந்தச் சுவை என்றால், ஓக் பீப்பாயில் வைத்து வெண்ணெய், வனிலா மணம் ஏற்றிய வெள்ளை ஒயின்களைத் தவிர்த்துவிடுங்கள்.

கடையில் லேபிளில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, முஸ்கதே சேவ்ர் ஏ மேன் என்ற பெயர். 1936-லிருந்து சட்டப்படி காக்கப்படும் பெயர் இது. மஸ்கா என்று தொடங்கும் வேறு பாட்டில்களும் பக்கத்தில் நிற்கும். அது வேறு திராட்சை, வாசனை தூக்கலானது, பெரும்பாலும் இனிப்பாக இருக்கும். அவசரத்தில் எழுத்தை மாற்றிப் படித்துவிடாதீர்கள்.

இரண்டாவது, ‘சூர் லீ’ என்ற சொல். இது இல்லாமல் வாங்க வேண்டாம் என்பேன். நொதித்து முடிந்ததும் ஈஸ்ட் செத்து அடியில் வண்டலாகப் படியும். வேறு பல இடங்களில் ஒயினை அதிலிருந்து சீக்கிரம் பிரித்துவிடுவார்கள். இங்கே குளிர்காலம் முழுக்க அந்த வண்டல் மேலேயே விட்டுவைத்து, மார்ச் 1-க்கு முன்னால் பாட்டிலில் அடைக்காமல் காத்திருக்கிறார்கள். பல தோட்டங்களில் தொட்டி தரைக்குக் கீழே இருக்கும், அதனால் குளிர் மாறாது. வண்டல் ஒயினுக்குக் கொஞ்சம் சதைப்பிடிப்பைத் தருகிறது, ரொட்டி மாவு போன்ற மெல்லிய மணத்தையும் தருகிறது. நொதித்தபோது உண்டான வாயுவும் கொஞ்சம் மிச்சமிருக்கும். ஊற்றியதும் கிளாஸின் உட்பக்கத்தில் ஊசிமுனை அளவு குமிழிகள் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பாருங்கள். நாக்கு நுனியில் சுருக்கென்று படுவது அதுதான். ஒயின் கெட்டுப்போயிற்றோ என்று சிலர் கேட்பார்கள். இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும்.

இன்னும் கொஞ்சம் செலவு செய்ய முடியும் என்றால் க்ளிசோன், கோர்ஜ், ல பாலே ஆகிய ஊர்ப்பெயர்கள் போட்ட பாட்டில்களைத் தேடுங்கள். 2011-ல் தனி அங்கீகாரம் பெற்ற முதல் மூன்று ஊர்கள் இவை. க்ளிசோனில் கிரானைட், கோர்ஜில் காப்ரோ என்ற கரும்பாறை. இரண்டிலும் ஒயினை ஒரு குளிர்காலத்தோடு விடாமல் இரண்டு வருடமாவது, சில சமயம் அதற்கும் மேலே வண்டலோடு வைக்கிறார்கள். கனமும் ஆழமும் கூடிவிடும். சாஸ் ஊற்றிய மீனுக்கு, குறிப்பாக வெண்ணெயும் சின்ன வெங்காயமும் சேர்த்து இந்தப் பக்கம் செய்யும் பேர் ப்ளான் சாஸுக்கு, நான் கொண்டு வைப்பது க்ளிசோன்தான்.

சரி, குளிர்ச்சி. சாதாரண சூர் லீ 8 முதல் 10 டிகிரி, ஊர்ப்பெயர் போட்டது 11, 12 டிகிரி. ஃப்ரிட்ஜ் இதைவிடக் குளிராக இருக்கும் என்பதால், பரிமாறக் கால்மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். அவசரம் என்றால் வாளியில் ஐஸ் மட்டும் போடாமல் பாதி தண்ணீரும் ஊற்றி பாட்டிலை அமிழ்த்துங்கள், சீக்கிரம் குளிரும்.

சிப்பிக்கு வருவோம். பிரான்ஸில் சிப்பியின் எண் ஏற ஏற அளவு சிறியது. முதல்முறை சாப்பிடுகிறவர்களுக்கு 3-ம் எண் சரியாக இருக்கும். திறந்ததும் ஓட்டில் இருக்கும் முதல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், கொஞ்ச நேரத்தில் தெளிவாக மறுபடி ஊறும். அப்படியே விழுங்காமல் இரண்டு மூன்று முறை மெல்லுங்கள். உப்பு போய் மெல்லிய இனிப்பு எழும்பும். ஒரு மிடறு குடிக்க வேண்டிய நேரம் அதுதான். சின்ன வெங்காயம் போட்ட வினிகர் கிண்ணத்தைத் தள்ளி வையுங்கள் என்பது என் கட்சி. புளிப்பு ஏற்கெனவே ஒயினில் இருக்கிறது, மேலே வினிகரும் சேர்ந்தால் இரண்டுமே தெரியாமல் போகும்.

சிவப்பு ஒயினோடு கடலுணவு சாப்பிட்டால் சிலருக்கு வாயில் கவிச்சி தங்கிவிடும். இதை ஜப்பானில் ஆராய்ந்து 2009-ல் காரணம் சொன்னார்கள்: ஒயினில் உள்ள இரும்பு. அது கூடுதலாக இருந்தால் கடலுணவின் கொழுப்போடு சேர்ந்து அந்த வாடையைக் கிளப்புகிறது. சிவப்பில் இரும்பு பெரும்பாலும் அதிகம்.

முஸ்கதே எல்லாக் கடலுணவுக்கும் ஆகும் என்று சொல்ல மாட்டேன். நான் காரைக்கால்காரன். வீட்டில் நண்டு மசாலா வைக்கும் நாளில் இந்த பாட்டிலைத் திறப்பதில்லை, மிளகாய்க் காரத்தோடு இந்தப் புளிப்பு சேர்ந்தால் நாக்கு எரியும். சுட்ட சூரை மீனுக்கும் இது மெலிந்து தெரியும்.

மிச்சம் இருந்தால் கார்க்கை அடைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், இரண்டு நாள் தாங்கும். அதற்குள் நாந்த்தின் தலான்சாக் சந்தையில் ஒரு கிலோ கறுப்பு மட்டி வாங்கிவிடுவேன். கழுவும்போது வாய் திறந்திருப்பதைத் தட்டிப் பார்க்க வேண்டும், மூடாதவற்றை எறிந்துவிட வேண்டும். வெண்ணெயில் சின்ன வெங்காயத்தை வதக்கி, ஒரு கிளாஸ் முஸ்கதே ஊற்றி, மட்டியைக் கொட்டி மூடி, பெரிய தீயில் நான்கைந்து நிமிடம். எல்லாம் வாய் பிளந்ததும் பார்ஸ்லி தூவி இறக்குங்கள். உப்பு போடவே வேண்டாம், மட்டி விடும் தண்ணீரே போதும். அடியில் நிற்கும் சாற்றுக்கு ரொட்டி வெட்டி வையுங்கள்.