‘லாபம் வேண்டாம்’ என்பவர்களும் அடக்கவிலை போடவேண்டும்

அரசும் அதிகாரமும் வேண்டாம் என்கிற அனார்க்கிஸ்ட் நண்பர் யாரிடமாவது “நீயே ஒரு தொழில் தொடங்கேன்” என்று சொல்லிப் பாருங்கள், முறைப்பார். யாருக்கும் கட்டுப்படாமல் தன்போக்கில் இயங்கும் ஓவியரோ இசைக்காரரோ என்றால் சிரித்து மழுப்புவார். இவர்களுக்கும் வியாபாரத்துக்கும் ஏழாம் பொருத்தம் என்று முடிவுகட்டுவதுதான் ஊக்கப்படுத்த வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு.

‘நான் அனார்க்கிஸ்ட்’ என்று 1840இல் துணிந்து எழுதிய பிரெஞ்சுக்காரர் புரூதோன், அச்சுக்கோப்பவராக இருந்தவர். கூட்டாளிகளோடு அச்சகம் நடத்திக் கடன்பட்டவரும்கூட. நம் ஊர்க்காரர் ஒருவரும் உண்டு. சென்னையில் பிறந்து, பாரதியாரின் ‘இந்தியா’ பத்திரிகையோடு இருந்து, பிறகு ஐரோப்பாவில் அனார்க்கிஸ்டாக மாறியவர் எம்.பி.டி. ஆச்சார்யா. அவருடைய மனைவி மக்டா நாக்மன் ரஷ்யாவில் பிறந்த ஓவியர். 1930களில் இருவரும் பம்பாய்க்கு வந்தபின் மக்டா உருவப்படங்கள் வரைந்து விற்றார். அரசே வேண்டாம் என்று கணவர் கட்டுரை எழுதினார், மனைவி படம் விற்றார். அதில் ஒரு முரணும் இல்லை. மேலே ஒரு முதலாளி இல்லாமல் பிழைக்கவேண்டும் என்பதுதானே இவர்கள் கேட்பது? அவர்களிடம் போய் முதலீட்டாளர், பல மடங்கு வளர்ச்சி என்று ஸ்டார்ட்அப் பாஷை பேசினால் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும், அதுவே சரி.

பெரிய தவறு விலையில் நடக்கிறது. லாபம் வேண்டாம் என்பவர் கணக்கும் வேண்டாம் என்று இருந்துவிடுகிறார்.

இங்கிலாந்தின் அனார்க்கிஸ்ட் பங்க் இசைக்குழு கிராஸ், 1979இல் தங்கள் சொந்த லேபிளில், அதாவது சொந்த இசைத்தட்டு நிறுவனத்தில், ஒரு சிறு இசைத்தட்டு (சிங்கிள்) வெளியிட்டது. மற்ற சிங்கிள்கள் ஏறக்குறைய 90 பென்ஸுக்கு விற்ற காலத்தில் இவர்கள் 45 பென்ஸுக்கு மேல் கொடுக்காதீர்கள் என்றார்கள். கடைக்காரர் விலையை ஏற்ற முடியாது, ரசிகருக்கும் மலிவு. நல்ல யோசனைதான். ஆனால் மதிப்புக் கூட்டு வரியைச் செலவில் சேர்க்க மறந்துவிட்டார்கள். விளைவு, விற்ற ஒவ்வொரு தட்டுக்கும் நஷ்டம். விற்பனை கூடக் கூட நஷ்டமும் கூடியது! கொள்கைப்படி மலிவாகக் கொடுப்பது என்ற முடிவில் பிழை இல்லை, அடக்கவிலை தெரியாமல் கொடுத்ததுதான் பிழை.

இங்கே ஒருவர் தன் ஓவியங்களைச் சிறு புத்தகமாகப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 200 பிரதி, அச்சுச் செலவு 9,000 ரூபாய். பிரதிக்கு 45 ஆகிறது. விலை 100 என்று வைத்தால் பாதிக்குமேல் லாபம் என்று மனம் கணக்குப் போடும். கடைக்காரருக்கு 35 சதவீதக் கழிவு கொடுத்தால் கைக்கு வருவது 65. நண்பர்களுக்குக் கொடுத்தது, ஓரம் மடங்கியது, ‘அப்புறம் தர்றேன்’ என்று எடுத்துப்போனது எல்லாம் சேர்ந்து 30 பிரதி காலி. மீதி 170 பிரதியும் விற்றால்கூட 11,050 ரூபாய். அச்சுச் செலவு போக 2,050. ஆட்டோ, கூரியர், பெட்டி என்று ஓராயிரம் போனால் மிஞ்சுவது 1,050. வரைந்த உழைப்புக்கு இதில் கூலியே இல்லை. இந்தக் கணக்கைப் பார்த்தபிறகும் அவர் விலையை 100 என்றே வைக்கலாம். அல்லது நேரில் வாங்குபவருக்கு 100, கடைக்கு 140 என்று பிரிக்கலாம். எதுவானாலும் தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும்.

வரி பற்றியும் ஒரு வார்த்தை. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் அச்சகத்துக்கு நாம் கட்டும் வரியைத் திரும்பப் பெறவும் முடியாது, அது அடக்கவிலையில் ஏறிவிடும். அதே ஓவியத்தை டீ-ஷர்ட்டில் போட்டால் கதை வேறு, டீ-ஷர்ட்டுக்கு வரி உண்டு. தமிழ்நாட்டில் பொருள் விற்பவர்கள் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை, சேவை தருபவர்கள் 20 லட்சம் வரை பொதுவாகப் பதிவு செய்யவேண்டியதில்லை. வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்பத் தொடங்கினால் விதி மாறும். அப்போது ஓர் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது, ‘நமக்குள் எதற்கு எழுத்து?’ என்பது. இதற்கு ஆதாரமாக வாஷிங்டனின் டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸைக் காட்டுவார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்காமலே இசைக்குழுக்களோடு காலம் தள்ளிய லேபிள் அது. உண்மைதான். ஆனால் அது தொடங்கிய விதத்தையும் பார்க்கவேண்டும். டீன் ஐடில்ஸ் என்ற குழுவின் பையன்கள் கச்சேரியில் வந்த காசைப் பங்கு போடாமல் சேர்த்துவைத்தார்கள். 1980இல் குழு கலைந்தபோது அந்தப் பணத்தில் 1,000 இசைத்தட்டு அடித்து, உறைகளைக் கத்தரித்து மடித்துத் தாங்களே ஒட்டினார்கள். பொதுப்பணத்தைப் பொதுப்பணமாகவே வைத்திருக்கும் பழக்கம் லேபிளுக்கு முன்பே வந்துவிட்டது. பிறகும் முதலில் செலவைக் கழித்து, மிச்சத்தைக் குழுவோடு பங்கிடுவதே அவர்கள் முறை. இந்தக் கணக்கை விட்டுவிட்டுக் கைகுலுக்கலை மட்டும் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

நம் நாட்டில் எழுதி வைக்காததற்கு விலை அதிகம். ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து, நீங்கள் ஓர் ஓவியமோ புகைப்படமோ செய்து தந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் அதன் பதிப்புரிமைக்கு முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. நீங்கள் வரைந்த சுவரொட்டியை அவர் நாளை டீ-ஷர்ட்டாக அடித்து விற்றால் கேட்க வழியில்லை. இதைத் தடுக்க வக்கீல் தேவையில்லை. ‘பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்கும். இந்த நிகழ்ச்சிச் சுவரொட்டிக்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்று இரண்டு வரி எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் போதும். நட்பு கெட்டுவிடாது. நாள் கடந்து வரும் சண்டையில்தான் கெடும்.

கூட்டாக நடத்துபவர்களிடம் இன்னொன்று பார்க்கலாம். தலைவர் இல்லை, எல்லோரும் சமம், அதனால் கல்லாவுக்கு யாரும் பொறுப்பில்லை. நடைமுறையில் யார் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதோ அவரே முதலாளி ஆகிவிடுவார், அவருக்கே தெரியாமல். பொறுப்பை மாதம் ஒருவராகச் சுழற்றலாம். வரவு செலவு நோட்டை எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்கலாம். சட்டமும் நினைவிருக்கட்டும். சாதாரணக் கூட்டு நிறுவனத்தில் ஒருவர் வைக்கும் கடனுக்கு மற்றவர் வீட்டுச் சொத்தும் பொறுப்பு. எல்எல்பி (வரம்புள்ள பொறுப்புக் கூட்டு நிறுவனம்) என்று பதிந்தால் அந்தப் பொறுப்புக்கு வரம்பு உண்டு.

‘கலையே சோறு போடவேண்டும்’ என்று பிடிவாதம் பிடிப்பதையும் சொல்லவேண்டும். 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நவீன ஓவியத்தை வாங்க ஆள் குறைவு என்பது அவர்களுக்குத் தெரியும். மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள். விற்ற பணத்தில் ஒரு பங்கு பொது நிதிக்குப் போனது. மீதி நேரத்தில் தாங்கள் விரும்பிய ஓவியத்தை, வாங்குபவர் முகத்தைப் பார்க்காமல் வரைந்தார்கள். சோற்றுக்கு ஒரு வேலை, மனதுக்கு ஒரு வேலை என்று இரண்டும் ஒரே வளாகத்தில், தங்கள் கையிலேயே. ஓவியத்தையே விற்பனைக்கு ஏற்ப வளைத்திருந்தால் அந்த ஓவியமே வந்திருக்காது என்பது என் எண்ணம்.

கடைசியாக, ஊக்கப்படுத்துகிற நம் பக்கத்துத் தவறு. மேடையில் பாராட்டிவிட்டு, சுவரொட்டி வரைந்தவருக்குப் பணத்தை ஆறு மாதம் இழுத்தடிப்போம். இதற்கும் வழி இருக்கிறது. மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் குறுந்தொழிலாகப் பதிந்தவர் பொருள் செய்துகொடுத்தாலோ சேவை தந்தாலோ, வாங்கிய நிறுவனம் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. அரசுப் பதிவு எதற்கு என்று அனார்க்கிஸ்ட் நண்பர் கேட்பார், அது அவர் விருப்பம். பதியாவிட்டால் இந்தப் பிடி அவர் கையில் இருக்காது என்பதை மட்டும் சொல்லிவையுங்கள். பதிய ஆதார், பான் போதும், கட்டணம் ஒரு பைசா கிடையாது. இணையத்தில் தேடினால் மேலே வந்து நின்று பணம் கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகர்களுடையவை.